ட்ரெட்ஃபுலி: பொருள், இடம், தொனி – முழுமையான வழிகாட்டி

அகராதியில் 'ட்ரெட்ஃபுலி' என்ற ஆங்கில வினையடையைத் தேடினால் 'அச்சந்தரும் வகையில்', 'பயங்கரமாக' என்ற பொருள்தான் பெரும்பாலும் முதலில் நிற்கும். அதை நம்பி 'ஐ'ம் ட்ரெட்ஃபுலி சாரி' என்ற வரியைத் தமிழாக்கினால் 'நான் பயங்கரமாக வருந்துகிறேன்' என்று வரும். சொன்னவர் சொல்ல வந்தது அது அல்ல. 'ரொம்பவே மன்னிச்சுக்கணும்' என்பதைத்தான் அவர் சொல்கிறார். அங்கே பயத்துக்கு இடமே இல்லை.

இன்றைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் அச்சத்தைச் சொல்ல வருவது அபூர்வம். அது செய்யும் வேலைகள் இரண்டு. ஒன்று 'மிகவும்' என்று அளவைக் கூட்டுவது. மற்றொன்று 'மிக மோசமாக' என்று ஒரு செயல் நடந்த விதத்தைச் சொல்வது. எந்த வாக்கியத்தில் எந்த வேலை என்பதை, சொல் உட்கார்ந்திருக்கும் இடமும் அதன் பக்கத்துச் சொல்லும் காட்டிக்கொடுத்துவிடும். இதைப் பிடித்துக்கொண்டால் 'டெரிப்ளி', 'ஆஃபுலி', 'ஹாரிப்ளி' என்று இதன் உறவுச் சொற்களும் கையோடு வந்துவிடும். ஆகவே பொருளை மனப்பாடம் செய்வதைத் தள்ளிவைத்துவிட்டு, படிப்படியாக உள்ளே போவோம்.

1. ஒலியும் எழுத்தும்

'ட்ரீட்' என்று நீட்ட வேண்டாம். 'பிரெட்', 'ஹெட்', 'டெட்' ஆகிய சொற்களில் 'ஈ', 'ஏ' என்ற இரண்டு எழுத்துகளும் சேர்ந்து குறுகிய 'எ' ஒலியைத் தருவதுபோலத்தான் இங்கேயும். அழுத்தம் முதல் அசையில் விழ வேண்டும். நடுவில் உள்ள 'ஃபு' வலுவிழந்து கிட்டத்தட்ட 'ஃப' என்று ஒலிக்கும். மூன்று அசைகளையும் ஒரே கனத்தில் சொல்வது நம் பேச்சுப் பழக்கம். அதைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும்.

எழுத்தில் ஒரே ஒரு இடம்தான் வழுக்கும். 'ஃபுல்' தனியாக வரும்போது இரண்டு 'எல்'. 'ட்ரெட்ஃபுல்' என்று ஒட்டும்போது ஒரே ஒரு 'எல்'. அதோடு 'எல்-ஒய்' சேர்வதால் 'ட்ரெட்ஃபுலி'யில் மறுபடியும் இரண்டு 'எல்'. 'கேர்ஃபுலி', 'பியூட்டிஃபுலி' எல்லாவற்றுக்கும் இதே கணக்கு.

2. வேர்ச்சொல்லைத் தெரிந்துகொள்ளுங்கள்

வேர் 'ட்ரெட்'. பயத்தில் இது ஒரு தனி வகை. பாம்பு காலடியில் நெளியும்போது வருவது 'ஃபியர்'. நாளைக்குத் தேர்வு முடிவு, அடுத்த வாரம் மருத்துவரின் அறிக்கை, இரவில் வரப்போகும் தொலைபேசி அழைப்பு என்று இனி நடக்கப்போவதை நினைத்து அடிவயிற்றில் கனக்கும் பயம்தான் 'ட்ரெட்'. இது பெயர்ச்சொல்லாகவும் வரும், வினையாகவும் வரும். வினையாக வந்தால் அடுத்து 'இங்' வடிவம்: 'ஐ ட்ரெட் கோயிங் பேக் தேர்'. 'ஐ ட்ரெட் டு திங்க்' என்பது மட்டும் நிலைத்துப்போன விதிவிலக்கு. 'நினைச்சாலே பகீர்ங்குது' என்று நாம் சொல்கிற இடத்தில் அது வரும்.

இந்த உண்மையான அச்சம் இன்னும் உயிரோடிருக்கும் சொற்களும் உண்டு. 1906-இல் பிரிட்டிஷ் கடற்படை ஒரு புதுவகைப் போர்க்கப்பலைக் கடலில் இறக்கியது. அதன் பெயர் 'ட்ரெட்னாட்'. 'நாட்' என்றால் இங்கே 'ஒன்றுமில்லை'; எதற்கும் அஞ்சாதது என்று பொருள். அதற்கு முன்னும் அதே பெயரில் கப்பல்கள் இருந்தன. ஆனால் இந்தக் கப்பல் வந்த பிறகு அந்த வகைப் போர்க்கப்பல்கள் எல்லாவற்றுக்கும் அதுவே பொதுப்பெயராகிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு பென்னி விலைக்குத் தொடராக வந்த கொலை, கொள்ளை, பேய்க் கதைகளைப் 'பென்னி ட்ரெட்ஃபுல்' என்றார்கள். அங்கேயும் 'ட்ரெட்ஃபுல்' என்பது நடுக்கம் தருவதையே குறித்தது.

வினையடையான 'ட்ரெட்ஃபுலி' மட்டும் அந்தப் பாதையிலிருந்து வெகுதூரம் விலகி வந்துவிட்டது.

3. அச்சம் எப்படி 'மிகவும்' ஆனது?

இந்தப் படியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

'மிக' என்று சொல்ல எந்த மொழியிலும் ஒரு சொல் போதுவதில்லை. பலரும் பலமுறை சொல்லிச் சொல்லி ஒரு சொல் வலுவிழந்ததும், பேசுபவர்கள் வலுவான வேறொரு சொல்லைத் தேடுகிறார்கள். அப்படித் தேடும்போது அகப்படுவது அச்சம், வலி, உண்மை, வெறி போன்ற கனமான சொற்கள். ஆங்கிலத்தில் இன்று எவ்வளவோ சாதாரணமாகிவிட்ட 'வெரி' ஒரு காலத்தில் 'உண்மையான' என்ற பொருளில் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. இலங்கைத் தமிழர்கள் 'சரியான குளிர்', 'சரியான கஷ்டம்' என்று சொல்லும்போது நடப்பதும் இதேதான். 'சரி' என்ற சொல் 'மிக' ஆகிவிடுகிறது. ஜெர்மன் மொழியில் 'மிகவும்' என்பதற்கான அன்றாடச் சொல் 'ஸேர்'. அதன் பழைய பொருள் 'வலியோடு'. ஆங்கிலத்தில் புண்ணைக் குறிக்கும் 'ஸோர்' அதற்கு உடன்பிறப்பு. 

நம் பேச்சுக்கு வாருங்கள். 'பயங்கரமா சிரிச்சோம்', 'பிரியாணி பயங்கர டேஸ்ட்டு', 'பேய் மழை', 'அகோரப் பசி', 'கொலைப் பசி'. இவற்றில் எதிலும் யாரும் பயப்படவில்லை. 'பயங்கர டேஸ்ட்டு' என்றதும் சாப்பிடக் கை நீட்டுகிறோமே தவிர யாரும் பின்வாங்குவதில்லை. ஆங்கிலேயர் காதில் 'ட்ரெட்ஃபுலி' விழுவதும் இப்படித்தான்.

முற்கால ஆங்கிலத்தில் அச்சத்துக்குள் வியப்பும் பக்தியும் கலந்திருந்தன என்பதையும் கவனியுங்கள். 1611-ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமத்தில் 139-ஆம் சங்கீதம் 'ஐ ஆம் ஃபியர்ஃபுலி அண்ட் ஒண்டர்ஃபுலி மேட்' என்கிறது. தமிழ் வேதாகமத்தில் அந்த இடம் 'நான் பிரமிக்கத்தக்க அதிசயமாய் உண்டாக்கப்பட்டபடியால்' என்று இருக்கிறது. 'பயப்படும்படி உண்டாக்கப்பட்டேன்' என்றிருந்தால் அந்த வரியே கெட்டிருக்கும். 'ஆ' என்ற ஒரே ஆங்கில வேரிலிருந்து 'ஆஃபுல்' மோசமானதாகவும் 'ஆசம்' அருமையானதாகவும் இரண்டு திசைகளில் பிரிந்து போயின. 'டெரிபிள்', 'டெரிஃபிக்' இரண்டுக்கும் லத்தீனில் ஒரே வேர்தான், அச்சுறுத்துவது என்று பொருள். இன்று ஒன்று திட்டு, ஒன்று பாராட்டு.

4. இரண்டு வேலைகளையும் பிரித்தறிவது

ஒரு எளிய சோதனை. 'ட்ரெட்ஃபுலி'யை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'வெரி' அல்லது 'வெரி மச்' வைத்துப் பாருங்கள். பொருந்தினால் அது அளவைச் சொல்கிறது. பொருந்தாமல் 'வெரி பேட்லி' பொருந்தினால் அது விதத்தைச் சொல்கிறது.

'ஷி வாஸ் ட்ரெட்ஃபுலி டயர்ட்.' 'வெரி டயர்ட்' பொருந்துகிறது, ஆகவே அளவு. அவள் ரொம்பவே களைத்துப்போயிருந்தாள்.

'ஹி சிங்ஸ் ட்ரெட்ஃபுலி.' 'வெரி' பொருந்தாது, 'வெரி பேட்லி' பொருந்துகிறது, ஆகவே விதம். அவன் பாட்டு கேட்கச் சகிக்காது.

'ஐ மிஸ் ஹெர் ட்ரெட்ஃபுலி.' இங்கே 'வெரி மச்' பொருந்துகிறது. வினையோடு வந்தாலும் இது அளவுதான். தவிப்பையும் வலியையும் சொல்லும் வினைகளோடு சேரும்போது 'ட்ரெட்ஃபுலி' எப்போதும் அளவையே சொல்லும். 'மிஸ்', 'சஃபர்', 'ஹர்ட்', 'ஏக்', 'வொரி' எல்லாம் அந்த வகை. பாடுவது, ஓட்டுவது, நடிப்பது, நடந்துகொள்வது போன்று நன்றாகவும் செய்யலாம், மோசமாகவும் செய்யலாம் என்ற வினைகளோடு வந்தால் விதம்.

உண்மையான சிக்கல் 'டிரெஸ்ட்', 'ட்ரீட்டட்', 'டிஸப்பாயின்ட்டட்' போன்ற எச்ச வடிவங்களில்தான். 'தே வேர் ட்ரெட்ஃபுலி டிஸப்பாயின்ட்டட்' என்றால் மிகவும் ஏமாந்துபோனார்கள். 'தே வேர் ட்ரெட்ஃபுலி ட்ரீட்டட்' என்றால் மிக மோசமாக நடத்தப்பட்டார்கள். வடிவம் ஒன்றே, வேலை வேறு. ஏமாற்றம், கவலை, வெட்கம் என்று மனநிலையைச் சொல்லும் எச்சமாக இருந்தால் அளவு. உடுத்துவது, நடத்துவது, ஏற்பாடு செய்வது என்று ஒருவர் செய்த செயலாக இருந்தால் விதம். 'ட்ரெட்ஃபுலி இஞ்சுர்ட்' போல உடல் சேதத்தைச் சொல்லும்போது அளவும் விதமும் ஒன்றாகக் கலந்துவிடும். 'படுகாயம்' என்ற நம் சொல் அதற்குச் சரியாகப் பொருந்தும்.

5. எங்கே வைப்பது?

உரிச்சொல்லோடு வந்தால் அதற்கு முன்னால்: 'ட்ரெட்ஃபுலி லேட்', 'ட்ரெட்ஃபுலி எக்ஸ்பென்சிவ்', 'ட்ரெட்ஃபுலி ராங்'. கடைசியாகச் சொன்னதை 'சம்திங் ஹேஸ் கான் ட்ரெட்ஃபுலி ராங்' என்ற முழு வடிவத்திலேயே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். திட்டம் கைமீறிப் பெரிய கேடு வந்துவிட்டதைச் சொல்ல ஆங்கிலம் திரும்பத் திரும்ப நாடும் வரி அது.

வினையோடு வந்தால் வினைக்குப் பின்னால், செயப்படுபொருள் இருந்தால் அதற்கும் பின்னால்: 'ஐ மிஸ் மை ஃபாதர் ட்ரெட்ஃபுலி'. தமிழில் வினையடை வினைக்கு முன்னால் வருவதால், 'ஐ ட்ரெட்ஃபுலி மிஸ் மை ஃபாதர்' என்று நமக்கு இயல்பாக வந்துவிடும். அதைப் பிழை என்று சொல்ல முடியாது, ஆனால் காதுக்கு விறைப்பாக இருக்கும். 'ஐ மிஸ் ட்ரெட்ஃபுலி மை ஃபாதர்' என்பது பிழையேதான். ஆங்கிலத்தில் வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் நடுவே வினையடை நுழையக் கூடாது.

பெயர்ச்சொல்லுக்கு நேராக முன்னால் 'ட்ரெட்ஃபுலி' வராது. 'எ ட்ரெட்ஃபுல் வெயிட்' சரி. நடுவில் உரிச்சொல் இருந்தால் 'எ ட்ரெட்ஃபுலி லாங் வெயிட்' சரி.

6. 'ஆக' என்ற பொறி

தமிழர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. நம் பள்ளிகளில் வினையடையைச் சொல்லித்தரும்போது 'ஆக' என்று முடிந்தால் ஆங்கிலத்தில் 'எல்-ஒய்' சேர்க்க வேண்டும் என்று ஒரு சூத்திரம் கொடுத்துவிடுகிறார்கள். வேகமாக என்றால் 'க்விக்லி', மெதுவாக என்றால் 'ஸ்லோலி'. அதுவரை சரி. ஆனால் தமிழில் 'ஆக' வினையடைக்கு மட்டும் உரியது அல்ல. 'அழகாக இருக்கிறாள்', 'உயரமாக இருக்கிறான்', 'மீன் மோசமாக நாறுகிறது' என்று ஒரு பொருளின் தன்மையைச் சொல்லவும் நமக்கு 'ஆக'தான். ஆங்கிலத்தில் அந்த வேலையை உரிச்சொல் செய்கிறது. 'ஷி இஸ் பியூட்டிஃபுல்' என்கிறோம். 'பியூட்டிஃபுலி' என்று யாரும் சொல்வதில்லை.

'இஸ்', 'வாஸ்' இரண்டிலும் இந்தப் பிழை அவ்வளவாக வராது. 'லுக்', 'ஃபீல்', 'ஸ்மெல்', 'டேஸ்ட்', 'ஸவுண்ட்' என்ற ஐந்திலும்தான் கால் இடறுகிறது. ஒரு பொருளின் தன்மையைச் சொல்ல வரும்போது, இவை பார்வைக்கு வினைகள் மாதிரி இருந்தாலும் செய்வது 'இஸ்' வேலை. ஆகவே:

'தி ஃபிஷ் ஸ்மெல்ஸ் ட்ரெட்ஃபுல்.' மீன் நாற்றம் தாங்கவில்லை.

'யூ லுக் ட்ரெட்ஃபுல்.' உன் முகமே சரியில்லையே, உடம்புக்கு என்ன? அக்கறையாகக் கேட்கும் கேள்வி இது. தோற்றத்தைப் பழிப்பது அல்ல.

'ஐ ஃபீல் ட்ரெட்ஃபுல்.' உடம்பு சரியில்லை. இதோடு 'அபௌட் இட்' சேர்ந்துவிட்டால் பொருள் மாறும்: அதை நினைத்தால் எனக்குக் குற்ற உணர்வாக இருக்கிறது.

இந்த மூன்றிலும் 'ட்ரெட்ஃபுலி' போடக் கூடாது. ஆனால் 'தி ரூம் ஸ்மெல்ட் ட்ரெட்ஃபுலி ஆஃப் ஃபிஷ்' என்பது சரியான வாக்கியம். அங்கே 'ஆஃப் ஃபிஷ்' என்று நாற்றத்தின் தன்மை ஏற்கெனவே சொல்லப்பட்டுவிட்டது. 'ட்ரெட்ஃபுலி' அதன் அளவை மட்டும் கூட்டுகிறது. இந்த நுணுக்கம் புரிந்துவிட்டால் நீங்கள் விதியை மனப்பாடம் செய்தவர் இல்லை, அதன் காரணத்தைப் பிடித்தவர்.

நேர்காணல் சொதப்பிவிட்டது என்று சொல்ல இரண்டு வழிகள்: 'தி இன்டர்வியூ வாஸ் ட்ரெட்ஃபுல்', 'தி இன்டர்வியூ வென்ட் ட்ரெட்ஃபுலி'. முதலாவது நேர்காணலின் தன்மை, இரண்டாவது அது நடந்தேறிய விதம். இரண்டையும் சேர்த்தே பழகுங்கள்.

பள்ளியில் பாடிய 'ஓ மை டார்லிங் கிளமென்டைன்' பாட்டில் 'ட்ரெட்ஃபுல் சாரி' என்று வருகிறதே என்று கேட்கலாம். அது பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கப் பேச்சுவழக்கு. 'எல்-ஒய்' இல்லாமலே வினையடையாக வருவது அங்கே வழக்கம். பாடுங்கள், எழுத்தில் பின்பற்ற வேண்டாம்.

7. எந்த உரிச்சொற்களோடு சேரும்?

அளவு கூடக் குறைய இருக்கக்கூடிய குணங்களோடு சேரும். களைப்பு கொஞ்சமும் இருக்கலாம், நிறையவும் இருக்கலாம். ஆகவே 'ட்ரெட்ஃபுலி டயர்ட்'. ஆனால் 'எக்ஸாஸ்டட்' என்றாலே எல்லை தொட்ட களைப்பு. அதற்கு மேல் கூட்ட இடமில்லை. அங்கே 'ஆப்சலூட்லி எக்ஸாஸ்டட்' என்பதுதான் வழக்கு. 'கோல்ட்'டுக்கு ட்ரெட்ஃபுலி, 'ஃப்ரீஸிங்'குக்கு ஆப்சலூட்லி. 'ஹங்ரி'க்கு ட்ரெட்ஃபுலி, 'ஸ்டார்விங்'குக்கு ஆப்சலூட்லி. 'ட்ரெட்ஃபுல்' என்பதே எல்லை தொட்ட சொல் என்பதால் 'ஆப்சலூட்லி ட்ரெட்ஃபுல்' என்று சொல்கிறார்கள். 'வெரி ட்ரெட்ஃபுல்' அவ்வளவாகக் கேட்காது.

ஒப்பீட்டு வடிவங்களோடு இது ஒட்டாது. 'ட்ரெட்ஃபுலி வர்ஸ்' என்று எழுத வேண்டாம், 'மச் வர்ஸ்' என்று எழுதுங்கள்.

குணம் நல்லதா கெட்டதா என்பதும் முக்கியம். 'ட்ரெட்ஃபுலி' பெரும்பாலும் துன்பம், குறை, வருத்தம் இருக்கும் பக்கமே சாயும். 'ட்ரெட்ஃபுலி ஹாப்பி' இன்று விநோதமாக ஒலிக்கும். நல்ல குணத்தைக் கூட்ட அதன் உறவுக்காரர்களை அழைக்க வேண்டும்.

8. உறவுக்காரர்கள்

'டெரிப்ளி' இந்தக் குடும்பத்தில் எல்லா வீட்டுக்கும் போய்வரக்கூடியது. 'டெரிப்ளி சாரி', 'டெரிப்ளி கைண்ட்', 'டெரிப்ளி இம்பார்ட்டன்ட்' என்று நல்லதற்கும் கெட்டதற்கும் வரும். ஒன்றை மட்டும் கற்றுக்கொள்ள நேரம் இருப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

'ஆஃபுலி' இனிமையான இடங்களில் நன்றாக அமர்கிறது. 'தட்'ஸ் ஆஃபுலி நைஸ் ஆஃப் யூ' என்றால் 'உங்களுக்கு ரொம்பப் பெரிய மனசுங்க' என்ற தொனி. கொஞ்சம் பழைய வாசனை உண்டு.

'ஹாரிப்ளி'யின் லத்தீன் வேர் மயிர்க்கூச்செறிவதைக் குறித்தது. அந்த உடல் நடுக்கம் இன்னும் அதில் மிச்சம் இருக்கிறது. ரத்தம், சிதைவு, கொடுமை, அருவருப்பு உள்ள இடங்களில் அது வலுவாக நிற்கும். பாராட்ட அதைப் பயன்படுத்த வேண்டாம்.

'ஃப்ரைட்ஃபுலி' பழைய பிரிட்டிஷ் மேல்தட்டுக் குரல். படித்தால் புரிந்துகொள்ளுங்கள், பேச வேண்டாம்.

'ஃபியர்ஃபுலி' பற்றி ஓர் எச்சரிக்கை. 'அவன் பயத்தோடு என்னைப் பார்த்தான்' என்று எழுத நினைத்து 'ஹி லுக்ட் அட் மீ ட்ரெட்ஃபுலி' என்று எழுதுகிறவர்கள் உண்டு. பார்ப்பவரின் பயத்தை 'ட்ரெட்ஃபுலி' இன்று சொல்லாது. இடைக்கால ஆங்கிலத்தில் 'ட்ரெட்ஃபுல்' என்பதற்கு 'பயம் நிறைந்த' என்ற பொருளும் இருந்தது, அது வழக்கொழிந்துவிட்டது. இன்று அந்த இடத்துக்கு 'ஃபியர்ஃபுலி' அல்லது 'வித் ட்ரெட்' வேண்டும். பார்ப்பவரை நடுங்கவைக்கும் விதத்தைச் சொல்ல 'டெரிஃபையிங்லி' இருக்கிறது: 'தி பஸ் வாஸ் டெரிஃபையிங்லி ஃபாஸ்ட்'. அகராதி தரும் 'அச்சந்தரும் வகையில்' என்ற பொருளுக்கு உண்மையான சொந்தக்காரர் இதுதான்.

9. முன்னால் 'நாட்' வந்தால்

'ஐ'ம் நாட் டெரிப்ளி ஹங்ரி' என்றால் எனக்கு அவ்வளவாகப் பசியில்லை. 'இட்'ஸ் நாட் டெரிப்ளி எக்ஸ்பென்சிவ்' என்றால் விலை ஒன்றும் அதிகமில்லை. 'நாட்' வந்தவுடன் இந்தச் சொற்களின் கூர்மை மழுங்கி, மரியாதையாக மறுக்கும் கருவியாக மாறிவிடும். 'ஐ'ம் நாட் ட்ரெட்ஃபுலி கீன் ஆன் தி ஐடியா' என்று ஒரு பிரிட்டிஷ் மேலாளர் சொன்னால், 'கொஞ்சம் விருப்பம் இருக்கிறது' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அநேகமாக அந்த யோசனை அவருக்குப் பிடிக்கவில்லை. நம் ஊரில் 'பார்க்கலாம்' என்று இழுத்தால் என்ன பொருளோ அதேதான். வெளிநாட்டு அலுவலகங்களோடு வேலை செய்பவர்கள் இந்த ஒரு வடிவத்தையாவது காதில் ஏற்றிக்கொள்ள வேண்டும். சொல்லைக் கேட்டுத் தொனியைத் தவறவிட்டால் வாரக்கணக்கில் வேலை வீணாகிவிடும்.

10. எங்கே எழுதலாம், எங்கே கூடாது

'ட்ரெட்ஃபுலி' உணர்ச்சி உள்ள சொல். பிரிட்டிஷ் பேச்சில் அதிகம், அமெரிக்கப் பேச்சில் குறைவு; அமெரிக்கர்கள் 'ரியலி', 'ஸோ' என்று போய்விடுவார்கள். நண்பருக்கு எழுதும் கடிதம், மன்னிப்பு, கதை, நாவல் மொழிபெயர்ப்பு ஆகியவை இதற்கு ஏற்ற இடங்கள்.

ஆய்வுக் கட்டுரை, மருத்துவ அறிக்கை, காவல்துறைப் புகார், நீதிமன்ற மனு ஆகியவற்றில் வேண்டாம். அங்கே எழுதுபவரின் உணர்ச்சியை விட விவரம்தான் முக்கியம்: 'சிவியர்லி', 'சீரியஸ்லி', 'சிக்னிஃபிகன்ட்லி'. ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வை எழுதுகிறவர்களுக்கும் இந்தக் கோடு உதவும். ஜெனரல் டிரெய்னிங் பிரிவில் முதல் பணி கடிதம்; நண்பருக்கான கடிதமாக இருந்தால் 'ட்ரெட்ஃபுலி சாரி' அழகாக அமையும். அகாடமிக் பிரிவில் வரைபடத்தை விளக்கும்போது 'ட்ரெட்ஃபுலி லோ' என்று எழுதினால் தொனி பிசகிவிடும்.

துக்கம் விசாரிக்கும் இடத்தில் 'ஐ'ம் ஸோ சாரி' போதும். இழப்பின் முன்னால் அலங்காரம் குறைவாக இருப்பதே மரியாதை.

ஒரே பத்தியில் இரண்டு முறை 'ட்ரெட்ஃபுலி' வந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். இந்த வகைச் சொற்கள் அடிக்கடி வந்தால் வலுவிழந்துபோகும் என்பதை மூன்றாம் படியில் பார்த்தோம். மொழிக்கு நூற்றாண்டுகளில் நடப்பது ஒரு பத்திக்கு நான்கு வரிகளிலேயே நடந்துவிடும்.

11. தமிழுக்குக் கொண்டுவரும்போது

மொழிபெயர்ப்பாளர்களுக்கு என் ஒரே வேண்டுகோள்: 'பயங்கரமாக' என்று கை தானாக எழுதினால் நிறுத்துங்கள். அந்தச் சொல் தமிழ்ப் பேச்சில் நன்றாகவே அளவைக் கூட்டும். ஆனால் எழுத்து நடையில் அது தன் பழைய பொருளோடு திரும்பி வந்து வாசகரைக் குழப்பும்.

அளவுக்குத் தமிழில் 'படு', 'கடும்' என்ற முன்னொட்டுகள் இருக்கின்றன: படுமோசம், படுகாயம், கடுங்குளிர், கடும் களைப்பு. விதத்துக்கு 'மகா மோசமாக', 'சகிக்க முடியாதபடி'. தவிப்பைச் சொல்லும் வினைகளில் தமிழ் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஆங்கிலம் சாதாரண வினையை வைத்துவிட்டு அளவைத் தனிச்சொல்லால் ஏற்றுகிறது. தமிழ் அளவை வினைக்குள்ளேயே வைத்துவிடுகிறது. 'ஐ மிஸ் யூ ட்ரெட்ஃபுலி' – 'நீ இல்லாம தவிச்சுப்போறேன்'. 'ஷி சஃபர்ட் ட்ரெட்ஃபுலி' – 'அவள் படாத பாடு பட்டாள்'. 'மை டூத் ஏக்ஸ் ட்ரெட்ஃபுலி' – 'பல்வலி உயிர் போகுது'. 'ஹி வாஸ் ட்ரெட்ஃபுலி அஷேம்ட்' – 'அவன் வெட்கிக் குறுகிப்போனான்'. இந்த நான்கிலும் 'மிகவும்' என்ற சொல்லே இல்லை. ஆனாலும் அளவு குறையவில்லை. தவிப்பதற்கும் துடிப்பதற்கும் ஏங்குவதற்கும் துவளுவதற்கும் தனித்தனி வினைகள் வைத்திருக்கும் மொழியில், எல்லாவற்றையும் 'மிகவும்' என்ற ஒரே வாளியில் ஊற்ற வேண்டிய தேவை இல்லை.

மாறாகத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது இதே வழியைத் திருப்பிப் போடலாம். 'தவிச்சுப்போயிட்டோம்' என்பதற்கு நிகரான ஒற்றை வினையைத் தேடி அலைய வேண்டாம். 'வி மிஸ்ட் ஹிம் ட்ரெட்ஃபுலி' என்றால் உணர்வு போய்ச் சேர்ந்துவிடும்.

12. கையோடு பயிற்சி

ஒவ்வொரு வரியையும் முதலில் நீங்களே சொல்லிப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

'இந்த மருந்து ரொம்பக் கசக்குது' – இங்கே 'டேஸ்ட்' வந்தால் அடுத்து உரிச்சொல்தான் வர வேண்டும். 'திஸ் மெடிசின் டேஸ்ட்ஸ் ட்ரெட்ஃபுலி பிட்டர்'. 'பிட்டர்' என்ற உரிச்சொல் வந்துவிட்டதால் அதற்கு முன்னால் 'ட்ரெட்ஃபுலி' தாராளமாக நிற்கலாம். 'பிட்டர்' இல்லாவிட்டால் 'டேஸ்ட்ஸ் ட்ரெட்ஃபுல்'.

'விருந்தாளிகளிடம் அவன் நடந்துகொண்ட விதம் மகா மோசம்' – 'ஹி பிஹேவ்ட் ட்ரெட்ஃபுலி டு தி கெஸ்ட்ஸ்'. விதம், வினைக்குப் பின்னால்.

'தாமதமானதுக்கு ரொம்ப மன்னிக்கணும்' – 'ஐ'ம் ட்ரெட்ஃபுலி சாரி ஐ'ம் லேட்'. அலுவலக மின்னஞ்சல் என்றால் 'ஐ அப்பாலஜைஸ் ஃபார் தி டிலே' என்று மாற்றிவிடுங்கள்.

'அந்தப் படம் ஒன்றும் அவ்வளவு நீளமில்லை' – 'தி ஃபில்ம் இஸ்ன்ட் டெரிப்ளி லாங்'. இங்கே 'ட்ரெட்ஃபுலி'யும் வரும்; 'டெரிப்ளி' இன்னும் இயல்பு.

'குழந்தை பயத்தோடு கதவைப் பார்த்தது' – 'தி சைல்ட் லுக்ட் ஃபியர்ஃபுலி அட் தி டோர்'. இதில் 'ட்ரெட்ஃபுலி' எழுதியிருந்தால் எட்டாம் படியை மறுபடி ஒருமுறை படித்துவிடுங்கள்.